நான்காம் எண் படகும் ஒன்பது கூரைவாசிகளும்

உலகத்தில் மலையால் காக்கப்படும் நாடுகள் உண்டு. கடலால் காக்கப்படும் நாடுகள் உண்டு. வேறு வழி தெரியாத சில நாடுகள் ராணுவத்தால்கூடக் காக்கப்படுகின்றன. டான்யூப் ஆற்றின் தென்கரையில் இருக்கும் இந்தச் சிறிய குடியரசு ஒன்றுதான் முழுக்க முழுக்கக் குழுக்களால் காக்கப்படுகிறது. நாட்டின் பெயரை வெளியிட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறோம். கோப்பு ‘நகர்வில்’ உள்ளது.

அதன் பாதுகாப்பு அமைச்சகத்தில் எந்தக் காரியத்துக்கும் ஒரு வாரியம் உண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் பாதுகாப்பு வாரியம். அதற்குக் கீழே செயற்குழு. அதற்கும் கீழே இடர்க் குழு, தளவாடக் குழு, தணிக்கைக் குழு, பணியாளர் குழு. எந்த விஷயம் எந்தக் குழுவுக்குப் போகவேண்டும் என்று முடிவுசெய்ய ஒரு குழு. அந்தக் குழு ஒழுங்காக முடிவுசெய்கிறதா என்று பார்க்க இன்னொன்று. ஒருமுறை அயல்நாட்டு ஒற்றர்கள் இந்த அமைப்பின் வரைபடத்தைத் திருடிக்கொண்டு போனார்களாம். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, பிறகு தபாலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஓர் அனுதாபக் கடிதமும் இருந்தது.

இந்த மகத்தான அமைப்பின் அருமையை முழுசாக அனுபவித்தவர் சார்ஜென்ட் ராங்கெல் பெலினோவ். ஐம்பத்தோரு வயது, கனத்த மீசை, இருபத்தாறு வருடம் கறையில்லாத சேவை. வெர்பிட்சா கிராமத்து ஆற்றுக் காவல் நிலையம் அவர் பொறுப்பில் இருந்தது. அவர், இரண்டு சிப்பாய்கள், ஒரு ரோந்துப் படகு. படகின் எண் நான்கு. முதல் மூன்றும் இன்னும் தளவாடக் குழுவின் பரிசீலனையில் இருந்தன.

மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை ராங்கெல் ஆற்றங்கரைக்கு வந்தபோது படகைக் காணவில்லை. முந்தைய இரவு பலத்த காற்று. கட்டியிருந்த கயிறு இற்றுப்போய் அறுந்திருந்தது. புதுக் கயிறு கேட்டு அவர் எழுதி மூன்று வருடம் ஆகியிருந்தது. தூரநோக்கியை எடுத்துப் பார்த்தார். எதிர்க்கரையில், அதாவது அடுத்த நாட்டில், ஒரு மரத்தடியில் படகு சமர்த்தாக நின்றிருந்தது. பக்கத்தில் ஒருவர் நின்று கையாட்டினார். மீனவர் டிட்டு. இருபது வருடமாக ஆற்றின் குறுக்கே கையாட்டிப் பழக்கம். அவரே ஃபோன் செய்தார்.

“ராங்கெல் அண்ணே, உங்க படகு நம்ம பக்கம் வந்து நிக்குது. நம்ம கயித்துல கட்டிப் போட்டிருக்கேன்.”

“அடி ஒண்ணும் படலையே?”

“கீறல்கூட இல்லை. மீன் சூப் கொதிக்குது. நானே வந்து உங்களைக் கூட்டிட்டு வரேன். சாப்பிட்டுட்டு அப்படியே ஓட்டிட்டுப் போயிடுங்க.”

அரை மணி நேர வேலை. ராங்கெலின் மனைவி மாலினாவும் அதையேதான் சொன்னாள். போய் எடுத்துக்கொண்டு வா, எழுதுவதை எல்லாம் சாப்பாட்டுக்கு அப்புறம் எழுதலாம் என்றாள். ராங்கெல் கேட்கவில்லை.

“எல்லை தாண்டற விஷயம் மாலினா. சொல்லாம போனா தப்பாயிடும்.”

“சொன்னா என்ன ஆகும்?”

“சரியாயிடும்.”

இருபத்தாறு வருட சேவையில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். அதுவும் தெரியாமல் அடித்தது.

தலைநகரிலிருந்து பதில் அன்று மாலையே வந்தது. படகைத் தொடக்கூடாது, பார்க்கலாம். சம்பந்தப்பட்ட ஆவணங்களோடு சார்ஜென்ட் நேரில் வரவேண்டும். மாலினா சுட்டுத் தந்த பனிட்சா என்ற பாலாடைக்கட்டி அடையைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு ராங்கெல் ரயில் ஏறினார்.

அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில் எவ்தோக்கியா அம்மையார் இருந்தார். பதினான்கு குழுக்களில் பதினோரு குழுக்களுக்கு அவரே உறுப்பினர் செயலர். ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குக் கடிதம் போகவேண்டுமென்றால் அவரே எழுதுவார், இடது கையிலிருந்து வலது கைக்குக் கொடுப்பார், பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவார், விதிப்படி பதினான்கு நாள் காத்திருந்து, பிறகு தனக்குத் தானே பதில் எழுதுவார். பதில் பெரும்பாலும் கடுமையாக இருக்கும்.

ராங்கெலின் கோப்பை அவர் கவலையோடு புரட்டிப் பார்த்தார். படகு நாட்டைவிட்டு வெளியே இருப்பதால் இது அயல்நாட்டுப் படைநகர்வு, செயற்குழுவுக்குப் போகவேண்டும். அயல்நாட்டுக் கயிற்றில் கட்டியிருப்பதால் வெளிநாட்டு உதவி, தளவாடக் குழு. படகில் பணியாளர் இல்லாததால் பணியாளர் குழு. எல்லாம் சேர்ந்தால் நேரே வாரியம். இதை விளக்கி முடித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணே, பார்த்தா நல்லவரா தெரியறீங்க. பேசாம போய் எடுத்துட்டு வந்திருக்கலாமே?”

“கேக்காம எப்படிம்மா எடுக்கறது?”

“கேக்காத வரைக்கும் அது படகு. இப்ப அது வாரியக் கூட்டத்துல பொருள் எண் ஏழு.” அம்மையார் பனிட்சாவில் ஒரு துண்டு பிட்டுக்கொண்டார். “இனிமே நம்ம கையில ஒண்ணும் இல்லை.”

வாரியம் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். ராங்கெலின் அதிர்ஷ்டம், மார்ச் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. அந்தப் பன்னிரண்டு நாளும் மூன்றாம் மாடி நடைபாதையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு அனுமதி பதின்மூன்றாம் நாள் வந்தது.

கூட்டத்துக்குக் கோரம் இருந்தது, இரண்டு அர்த்தத்திலும். நீள்வட்ட மேசையைச் சுற்றிப் பத்தொன்பது பேர். தலைமை, ஜெனரல் கரஸ்தோயனோவ். முதல் ஒரு மணி நேரம் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை ஏற்றுக்கொண்டார்கள். போன கூட்டத்தில் அதற்கு முந்தைய கூட்டத்தின் குறிப்பை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். பிறகு பொருள் எண் ஏழு வந்தது. ராங்கெல் எழுந்து நின்றார்.

ஜெனரல் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, எல்லை தாண்டியபோது படகில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டார்.

“யாரும் இல்லீங்க ஜெனரல். ஆளில்லாமத்தான் போச்சு.”

வாரியத்தின் உத்தி ஆலோசகர், கூர்மையான ஷூ போட்ட இளைஞர், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பக்கத்து நாடுகளில் ஆளில்லா விமானம், ஆளில்லா வண்டி என்று எங்கேயோ போய்விட்டார்கள். நம்மிடம் மட்டும் இன்னும் ஆள் இருக்கிறது. இந்த வெட்கக்கேட்டைப் பற்றி அவர் நான்கு அறிக்கை எழுதியிருந்தார். இப்போது அவர் குரல் தழுதழுத்தது.

“ஆளில்லாப் படகு,” என்றார். “நம்மகிட்ட ஆளில்லாப் படகு இருக்கு.”

“எதிர்த்தரப்பு கண்டுபிடிச்சாங்களா?” என்று ஜெனரல் கேட்டார்.

“மீன் பிடிக்கிறவர் ஒருத்தர் பார்த்தாருங்க. கட்டிப் போட்டுட்டு ஃபோன் பண்ணாரு.”

“ரேடார்ல தெரிஞ்சுதா?”

“அவர்கிட்ட ரேடார் இல்லீங்களே.”

ஜெனரல் எவ்தோக்கியா அம்மையார் பக்கம் திரும்பினார். “எழுதிக்குங்க. ‘ரேடாரில் சிக்கவில்லை.’” பிறகு ராங்கெலை வாஞ்சையோடு பார்த்தார். “மறுபடியும் போகுமா?”

“கயிறு இத்துப் போயிருந்தா எந்தப் படகும் போகுங்க.”

அதுவும் எழுதப்பட்டது. அடுத்த இருபது நிமிடத்தில் இற்றுப்போன கயிறு ‘தானியங்கி விடுவிப்பு அமைப்பு’ ஆயிற்று. புதுக் கயிறு கேட்ட மூன்று வருடக் கோரிக்கை, தொழில்நுட்பத்தைக் குலைக்கும் முயற்சி என்று நிராகரிக்கப்பட்டது. படகு தொலைந்துபோகவில்லை, ‘முன்கள நிலை’யில் நிற்கிறது; ஆகவே வாரியம் வேறு முடிவெடுக்கும்வரை அங்கேயே நிற்கவேண்டும். ஆளில்லா நீர்வழித் திட்டத்துக்கு ஒரு புதுக் குழு அமைத்தார்கள். ஆளில்லாத் திட்டத்துக்கு ஆள் வேண்டுமே என்று ராங்கெலை இயக்குநராகப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் ஓயும்வரை ராங்கெல் காத்திருந்தார். ஏப்ரலில் மலையில் பனி உருகும் என்றார். வெர்பிட்சாவின் கீழத்தெரு வருடா வருடம் முழுகும். ஜனங்களை ஏற்றிக் கரைசேர்க்க இருப்பது அந்த ஒரு படகுதான். ஏப்ரலுக்குள் அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளவாவது அனுமதி வேண்டும்.

வாரியம் பரிவோடு கேட்டது. வெள்ளத்தை இடர்க் குழுவுக்கு அனுப்பியது. இடர்க் குழு வெள்ளத்தை அட்டவணையில் மஞ்சள் கட்டத்தில் போட்டு, அது சிவப்புக் கட்டத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ராங்கெலிடமே ஒப்படைத்தது.

அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். இயக்குநர் என்று கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். மாலினா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது மிதக்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி பகல் பதினோரு மணிக்குத் தண்ணீர் வந்தது. ராங்கெல் மேட்டில் இருந்த காவல் நிலையத்தில் நின்றிருந்தார். கண்ணெதிரே கீழத்தெருவின் வேலிகள் மறைந்தன, பிறகு ஜன்னல்கள் மறைந்தன. ஜனங்கள் ஓட்டுக் கூரைகளில் ஏறினார்கள். அவருடைய வீடும் கீழத்தெருவில்தான். பச்சைத் தலைத்துணி கட்டிக்கொண்டு புகைபோக்கியைப் பிடித்தபடி நின்ற உருவம் மாலினா என்று தூரநோக்கி இல்லாமலே தெரிந்தது. ஊரில் இருந்த துடுப்புப் படகுகளை முதல் அலையே அடித்துக்கொண்டு போய்விட்டது.

அமைச்சகத்துக்கு ஃபோன் செய்தார். எவ்தோக்கியா அம்மையார் ஈஸ்டர் விடுமுறையில் இருந்தார். அவரோடு பதினோரு குழுக்களும் விடுமுறையில் இருந்தன. மீதி மூன்று குழுக்களில் ஃபோனை யாரும் எடுக்கவில்லை. ராங்கெல் ரிசீவரை வைத்தார். பிறகு டிட்டுவின் எண்ணைப் போட்டார்.

“டிட்டு, படகுச் சாவி சீட்டுக்கு அடியில மத்தி மீன் டப்பாவுல இருக்கு.”

“அனுமதி வந்துடுச்சா அண்ணே?”

“வரலை.”

“அப்ப?”

“நீ கிளம்பு.”

டிட்டு கிளம்பினார். மரங்களும் வைக்கோற்போர்களும் மிதந்து வந்த வெள்ளத்தில் நான்காம் எண் படகு அரை மணியில் வந்து சேர்ந்தது. ராங்கெல் தாவி ஏறினார். சாயங்காலத்துக்குள் எட்டு நடை. முப்பத்தொரு பேர், ஏழு ஆடுகள், குளிர்பதனப் பெட்டியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கட்டிப்பிடித்துக்கொண்ட பெரியவர் ஒருவருக்காக அந்தப் பெட்டி. ஓர் உயிர்கூடப் போகவில்லை. கடைசி நடையில் மாலினா ஏறினாள். ராங்கெல் அவளைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, மீசையை இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். டிட்டு படகை இந்தக் கரையில் நல்ல கயிற்றால் கட்டிவிட்டு, வேறொருவர் டிராக்டரில் பாலத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

காப்பாற்ற அனுமதி தர மூன்று மாதம் பிடிக்கும் அமைச்சகம், காப்பாற்றியவரை விசாரிக்க மூன்றே நாளில் கூடியது. இந்தச் சுறுசுறுப்பை எத்தனை பாராட்டினாலும் தகும். ஜெனரலே தலைமை. குற்றச்சாட்டுகள் வாசிக்கப்பட்டன: வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்த ஆளில்லா நடவடிக்கையை அனுமதியின்றி முடித்தது, அதில் ஆளை ஏற்றியது, அதுவும் அயல்நாட்டு ஆளை, போர்க்கலத்தின் சாவியை மீன் டப்பாவில் வைத்தது, குளிர்பதனப் பெட்டி. வாரியத்தின் உத்தரவு இல்லாமல் படகு திரும்பிவிட்டதால், திரும்பி வரும்படி இனி அதற்கு உத்தரவிட முடியாது என்பதில் ஜெனரலுக்கு ரொம்ப வருத்தம்.

ஒரு கேள்வி கேட்கலாமா என்று ராங்கெல் கேட்டார். கேட்கலாம் என்றார்கள்.

“முறைப்படி நான் கேட்டிருந்தா அனுமதி எப்பங்க வந்திருக்கும்?”

“ஜூன் கூட்டத்துல.”

“ஜூன்ல தண்ணியே வடிஞ்சிருக்குமே, ஜெனரல்.”

“அதைத்தான் சொல்றேன்,” என்றார் ஜெனரல், ஒரு தகப்பனின் பொறுமையோடு. “கொஞ்சம் காத்திருந்தா காப்பாத்தவேண்டிய அவசியமே வந்திருக்காது.”

பத்தொன்பது பேரும் தலையசைத்தார்கள். அதுவே தீர்மானமாக ஒருமனதாக நிறைவேறியது.

ஆனாலும் வாரியம் கல்நெஞ்சம் கொண்டதல்ல. நடந்து முடிந்த மீட்புக்குப் பின்தேதியிட்டு அனுமதி தரச் சொல்லிப் பின்னேற்புக் குழுவுக்கு அனுப்பியது. ஆடுகள் ஏழும் தளவாடம் என்பதால் முதல் அமர்விலேயே தேறின. மனிதர்களில் இருபத்திரண்டு பேருடைய மீட்பு ஏற்கப்பட்டது. மீதி ஒன்பது பேரின் அடையாள ஆவணங்கள் வெள்ளத்தில் போய்விட்டதால், காப்பாற்றப்பட்டது அவர்கள்தானா என்று உறுதிசெய்ய வழியில்லை. அந்த ஒன்பது பேர் பெயருக்கு நேரே ‘நிலை: கூரைமேல்’ என்று எழுதி நிலுவையில் வைத்தார்கள். அதில் மாலினா இரண்டாவது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நிவாரணக் கம்பளி வந்தது. கூரைமேல் இருப்பவர்களுக்குத் தரையில் கொடுக்க விதியில்லை என்று திரும்பிப் போயிற்று. மாலினா புது அடையாள அட்டைக்கு மனு போட்டாள்; முகவரி ‘கூரை’ என்று இருப்பதால் கதவிலக்கம் கேட்டு எழுதினார்கள். அதற்கப்புறம் அவள் சிரிக்கவில்லை.

ஜூலையில் ஜெனரல் வெர்பிட்சாவுக்கு வந்தார். கீழத்தெருவின் முனையில் ஒரு பளிங்குப் பலகை திறக்க. ‘பாதுகாப்பு வாரியத்தின் உறுதியான நிர்வாகக் கட்டமைப்பால் ஓர் உயிரும் இழக்கப்படவில்லை’ என்று பொன் எழுத்தில் பொறித்திருந்தது. ராங்கெலுக்கு ஓர் உறை கொடுத்தார். பாராட்டுக் கடிதமும் குற்றக் குறிப்பாணையும் சிக்கனம் கருதி ஒரே உறையில் இருந்தன. ஜெனரலோடு ஆலோசகரும் புகைப்படக்காரரும், நடவடிக்கைக் குறிப்பெடுக்க எவ்தோக்கியா அம்மையாரும் வந்திருந்தார்கள்.

பலகையைத் திறந்துவிட்டுத் திரும்பிய ஜெனரல், ராங்கெலின் வீட்டுக் கூரையில் ஒன்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தக்காளியும் வெள்ளரிக்காயும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். காபி ஆவி பறந்தது.

எதற்காக இவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்று ஜெனரல் கேட்டார். மாலினா மேலிருந்து பதில் சொன்னாள்.

“எங்களைக் காப்பாத்தினதுக்கு இன்னும் அனுமதி வரலீங்க ஜெனரல். வர்ற வரைக்கும் இங்கதான இருக்கணும்?”

ஜெனரலின் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு கட்டுப்பாட்டைத் தன் ராணுவத்தில்கூடப் பார்த்ததில்லை என்றார். ஏணியைப் பிடித்துத் தானே மேலே ஏறினார். ஒவ்வொருவர் கையையும் குலுக்கினார். உச்சியில் நின்று ஆற்றைப் பார்ப்பதுபோல் ஒரு படம் எடுத்தால் ஆண்டறிக்கையின் அட்டைக்கு நன்றாக இருக்கும் என்று ஆலோசகர் கீழேயிருந்து சொன்னார். ஒன்பது பேர் தட்டும் கையுமாக இருப்பது படத்தில் இடித்தது. அவர்களைக் கொஞ்சம் இறங்கச் சொன்னார்கள். மாலினா முதலில் இறங்கினாள், தட்டை வாங்கிக்கொண்டாள். மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். ஜெனரல் இடுப்பில் கைவைத்து ஆற்றைப் பார்த்தார். படம் பிரமாதமாக வந்தது.

அதற்குள் ராங்கெல் ஏணியை எடுத்து, இரண்டு சிப்பாய்களும் பிடிக்க, புல்லில் நீளவாக்கில் படுக்கவைத்துவிட்டார்.

“ஏணியை வை, ராங்கெல்,” என்றார் ஜெனரல்.

ராங்கெல் விறைப்பாக சல்யூட் வைத்தார். “மன்னிக்கணும் ஜெனரல். கூரைமேல இருக்கிறவரை இறக்கறது மீட்புப் பணி. அனுமதி இல்லாம ஒரு தடவை செஞ்சதுக்கு இப்பதான் மெமோ குடுத்தீங்க.”

“நான் அனுமதி தரேன்யா.”

“தனியா தரமுடியாதுங்க. வாரியம் கூடணும். அவசரம்னு எழுதிடறேன், செப்டம்பர் கூட்டத்துல வந்துடும்.”

ஜெனரல் ஆலோசகரைப் பார்த்தார். ஆலோசகர் விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டு, சார்ஜென்ட் சொல்வது சரி என்று வருத்தத்தோடு தலையசைத்தார். எவ்தோக்கியா அம்மையார் பேனாவைத் திறந்து குறிப்பெழுத ஆரம்பித்தார்: ‘ஜெனரல், ஒன்று. நிலை: கூரைமேல்.’

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஓடு வழுக்கியது. ஜெனரல் புகைபோக்கியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டார். மழை பிடித்து, தான் வழுக்கி விழுந்து, ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் அதற்கு யார் பொறுப்பு என்று நடுங்கிய குரலில் கேட்டார்.

மாலினா கீழேயிருந்து அவரை நிதானமாகப் பார்த்தாள்.

“எல்லாத்துக்கும் ஒரு குழு வெச்சீங்க ஜெனரல்,” என்றாள். “பொறுப்புக்கு மட்டும் ஒண்ணு வைக்கலையே.”